உப்பு வெளியேற வழி விடுங்கள்: பல்கனிச் சாடி முதல் உவர்வயல் வரை

வைகாசி, ஆனியில் தென்மேற்குக் காற்று எழும்பியதும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்துக் கடற்கரைத் தொடர்மாடிகளில் ஒரே முறைப்பாடுதான். பச்சை மிளகாய்க் கன்றின் முதிர்ந்த இலைகள் நுனியில் கருகத் தொடங்கும். கருகல் ஓரம் வழியாகக் கீழே இறங்கும், நடு நரம்பைச் சுற்றி மட்டும் பச்சை மிஞ்சும். பசளை போதவில்லை என்று நினைத்து இன்னொரு பிடி போடுவார்கள். அடுத்த கிழமை கருகல் கூடிவிடும். போட்ட பசளையும் உப்புத்தான். வேருக்குக் கடல் உப்பு, பசளை உப்பு என்ற வேறுபாடு முதலில் தெரியாது. கரைந்திருப்பது எவ்வளவு என்பதைத்தான் அது உணர்கிறது.

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. வெறும் நிலத்தில் நிற்கும் மரங்களுக்கு இந்த மழையே உப்பைக் கழுவிவிடும். அதனால்தான் கடலுக்கு எதிரே வளவில் நிற்கும் தென்னையும் முருங்கையும் பிழைத்துக்கொள்ள, அதே வீட்டு மூன்றாம் மாடியில் கூரைக்குக் கீழே வைத்த மிளகாய் வாடுகிறது. பல்கனிக்கு உப்புக்காற்று வரும், மழை வராது. சாடிக்குள் போன உப்பு வெளியே வர வேறு வழியே கிடையாது. இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கீழே வடிந்து போகும் தண்ணீர் மட்டுமே உப்பை எடுத்துப் போகும். கடையில் விற்கும் மற்ற எல்லாமே பயிருக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுப்பவை.

உப்பு பயிரை இரண்டு கட்டமாகத் தாக்குகிறது. முதற்கட்டம் சில மணித்தியாலங்களிலேயே தொடங்கும். மண்நீரில் உப்புக் கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும், செடியோ நண்பகலில் வாடி நிற்கும். புதிய இலை சிறுத்து, கரும்பச்சையாக வரும். இதைப் பார்த்ததும் பலரும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார்கள், அது போதவே போதாது. இரண்டாம் கட்டம் நாட்கள், கிழமைகள் எடுக்கும். சோடியமும் குளோரைட்டும் நீரோட்டத்தோடு மேலேறி முதிர்ந்த இலைகளில் சேரும். கலத்துக்குள் பொட்டாசியம் செய்யவேண்டிய வேலையைச் சோடியம் இடைமறிக்கும், இலை கருகும். தாங்கும் வகைகள் சோடியத்தை வேரிலேயே திருப்பி அனுப்பும், அல்லது தண்டுக்குப் போகும் வழியில் பிடித்து வைக்கும், அல்லது கலத்தின் வெற்றிடப்பைக்குள் பூட்டி வைக்கும். இந்த மூன்றுக்கும் பயிர் சக்தி செலவழிக்க வேண்டும். ஆகவே உப்பைத் தாங்கி நிற்கும் செடியும் விளைச்சலில் ஒரு பங்கை இழந்துகொண்டுதான் நிற்கிறது.

அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து உப்பென்று முடிவெடுக்க வேண்டாம். பொட்டாசியக் குறைபாடும் இலை ஓரத்தைக் கருக்கும், வெயிலும் கருக்கும். பேனா போன்ற ஈ.சி. மீற்றர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈ.சி. என்பது மின்கடத்துதிறன், நீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அது காட்டும். அது மைக்ரோசீமன்ஸில் 1000 காட்டினால் அதை ஈ.சி. 1 என்று எடுத்துக்கொள்ளலாம். மண் பரிசோதனை அறிக்கைகளில் வரும் டெசிசீமன்ஸும் இதுவேதான். மலிவான ரீ.டி.எஸ். (கரைந்துள்ள மொத்தத் திண்மம்) பேனாக்கள் பி.பி.எம்.மில், அதாவது பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும். அவற்றில் சில ஈ.சி. 1 ஐ 500 என்றும், சில 640 அல்லது 700 என்றும் மாற்றுகின்றன. எந்தக் கணக்கு என்று தெரியாமல் இரண்டு பேர் தங்கள் எண்களை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். மீற்றர் சரியா என்று பார்க்க, 0.746 கிராம் தூய பொட்டாசியம் குளோரைட்டை ஒரு லீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். 25 பாகையில் அது 1413 மைக்ரோசீமன்ஸ் காட்ட வேண்டும். சமையலறைத் தராசால் இதை நிறுக்க முடியாது, தயாராக விற்கும் 1413 கரைசல் பக்கெட் ஒன்று வாங்குவதே நல்லது.

சாடியை அளக்கும் முறை: வழமைபோலத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை வையுங்கள். பிறகு சாடிக்குக் கீழே சுத்தமான கிண்ணம் வைத்து, மேலே மெதுவாக, பரவலாகத் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் வரும் 50 மில்லிலீற்றரை மட்டும் பிடித்து அளவுங்கள். வேரைச் சுற்றி நின்ற நீர்தான் அப்படித் தள்ளப்பட்டு வருவது. 1 இலிருந்து 2.5 வரை இருந்தால் மரக்கறிக்கு நல்லது. 4 ஐத் தாண்டினால் அன்றைக்கே கழுவுங்கள். ஊற்றிய தண்ணீரின் ஈ.சி.யையும் குறித்துக்கொள்ளுங்கள், அது தெரியாமல் வடிநீரின் எண்ணை விளங்கிக்கொள்ள முடியாது.

நில மண்ணென்றால் ஒரு பங்கு காய்ந்த மண், ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர், நிறைக் கணக்கில். நன்றாகக் குலுக்கி அரை மணித்தியாலம் அடையவிட்டு, தெளிந்த நீரை அளவுங்கள். கிடைத்த எண்ணை மணல் மண்ணுக்கு ஏறத்தாழ 14 ஆலும், இருவாட்டிக்கு 10 ஆலும், களிக்கு 7 அல்லது 8 ஆலும் பெருக்கினால் நிரம்பல் சாற்று ஈ.சி.க்கு (நீர் நிரம்பிய மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சாற்றின் ஈ.சி.) அண்மித்த எண் வரும். பயிர் அட்டவணைகள் பேசுவது அந்த எண்ணைத்தான். 4 ஐத் தாண்டினால் அது உவர்மண். காய்ச்சி வடித்த நீரை வாங்கத் தேவையில்லை. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதை ஒரு போத்தலில் பிடித்து மீற்றரை வைத்துப் பாருங்கள், 50 மைக்ரோசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் தாராளமாகப் பாவிக்கலாம்.

தும்புத்தூள்

கொழும்பில் பல்கனித் தோட்டம் செய்பவர்களுக்கு உப்பு முதலில் வருவது கடலிலிருந்து அல்ல, சாடியை நிரப்பும் தும்புத்தூளிலிருந்துதான். தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் குளோரைட்டும் நிறைய உண்டு. மட்டையைக் களப்போரக் கிடங்குகளில் ஊறவைத்திருந்தால் சோடியமும் சேரும். கழுவி விற்கும் நல்ல கட்டிகளும் உண்டு. உறையில் கழுவியது என்று எழுதியிருந்தாலும் அளந்து பார்த்தபின் நம்புங்கள். ஒரு பிடி ஊறிய தூளை ஏ.சி. தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அளந்தால் போதும். 0.5 க்குக் கீழே இருந்தால் நல்லது. 1 ஐத் தாண்டினால் கழுவவேண்டும்.

கழுவுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெறும் தண்ணீரில் எத்தனை தரம் அலசினாலும் கரைந்து நிற்கும் உப்புத்தான் போகும். தூளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அசையாது. பிறகு நீங்கள் கல்சியம் உள்ள பசளை போடும்போது தூள் அந்தக் கல்சியத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே முதலில் இரண்டு மூன்று தரம் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். பின்பு லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் நைத்திரேற்றுக் கரைத்த நீரில் தூள் முழுவதும் மூழ்க ஓர் இரவு வையுங்கள். காலையில் அந்த நீரை வடித்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். கடைசியாகப் பிழிந்த நீரின் ஈ.சி. உங்கள் குழாய்த் தண்ணீரைவிட 0.3 க்கு மேல் கூடாமல் இருந்தால் வேலை முடிந்தது. 5 கிலோக் கட்டி ஊறினால் 65 முதல் 75 லீற்றர் வரை பொங்கும் என்பதால் பெரிய தொட்டி ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் மணலும் இப்படித்தான். கட்டட வேலைக்கென்று கடலில் உறிஞ்சி எடுத்து முத்துராஜவெலவில் குவித்து மழையில் கழுவவிடும் மணலும் சந்தைக்கு வருகிறது. சீமெந்துக்குப் போதுமான அளவு கழுவிய மணல் போஞ்சிக்குப் போதாமல் இருக்கலாம். அளந்து பாருங்கள். கோழி எருவிலும் உப்பு அதிகம். சாடிக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள், நன்றாக மக்கிய பின்பே போடுங்கள்.

சாடி கழுவுதல்: சாடியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு தண்ணீர். 10 லீற்றர்ச் சாடிக்கு 20 லீற்றர். ஒரே மூச்சில் ஊற்றினால் ஓரமாக வழிந்து போய்விடும், உள்ளே நிற்கும் உப்பு அப்படியே இருக்கும். நாலைந்து தடவையாக, ஒவ்வொன்றுக்கும் கால் மணித்தியாலம் இடைவெளி விட்டு ஊற்றுங்கள். கீழே தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டில் தேங்கிய நீரைச் சாடி மறுபடி உறிஞ்சினால் கழுவியதற்குப் பயனில்லை, தட்டு வைத்த சாடிகளின் விளிம்பில் வெள்ளைப் படலம் சீக்கிரம் படர்வது இதனால்தான். அந்தப் படலத்தைச் சுரண்டி மண்ணுக்குள் தள்ளாமல், மேல் ஒரு சென்ரிமீற்றர் மண்ணோடு எடுத்து வெளியே எறியுங்கள். கழுவியபின் நைதரசன் போய்விட்டிருக்கும், இரண்டு நாள் கழித்து வழமையான பசளையில் அரைவாசி கொடுங்கள். மாடியில் கழுவும் நீர் கீழ் வீட்டுப் பல்கனியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளியலறையில் வைத்துக் கழுவுவது எல்லோருக்கும் நிம்மதி.

நாளாந்தம் ஊற்றும்போதும் ஊற்றுவதில் ஐந்திலொரு பங்கு கீழே வடியவேண்டும். தினமும் ஒரு கோப்பை தெளிப்பதைவிட, இரண்டு நாளுக்கு ஒருமுறை வடியும்வரை ஊற்றுவது உப்புக்கு நல்லது. கருவாடு ஊறவைத்த தண்ணீர், உப்புப் போட்டு அவித்த கிழங்கின் தண்ணீர் இரண்டும் சாடிக்கு ஆகாது. அரிசி கழுவின தண்ணீர் பரவாயில்லை. வீட்டில் நீரை மென்மையாக்கும் இயந்திரம் பூட்டியிருந்தால் அதன் நீரையும் ஊற்றாதீர்கள். அது கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைத்தான் கொடுக்கிறது.

பசளையைத் தெரிவுசெய்யும்போது உப்புச் சுட்டியை, அதாவது அது மண்நீரில் உப்பை எவ்வளவு கூட்டும் என்ற எண்ணை, பாருங்கள். சோடியம் நைத்திரேற்றை 100 என்று வைத்தால் எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டுப் பசளை) 116, யூரியா 75, பொட்டாசியம் சல்பேற்று 46, ரி.எஸ்.பி. (மும்மைச் சுப்பர் பொஸ்பேற்று) 10. எம்.ஓ.பி. மலிவுதான், ஆனால் அதில் பாதிக்குக் கிட்டக் குளோரைட்டு. கடற்கரைச் சாடிகளுக்குப் பொட்டாசியம் சல்பேற்றோ பொட்டாசியம் நைத்திரேற்றோதான் சரி. நைத்திரேற்றுக்கு இன்னொரு நன்மை: வேரின் வாசலில் அது குளோரைட்டோடு போட்டியிட்டு அதன் நுழைவைக் குறைக்கும்.

உப்புக்காற்று இலை வழியாகவும் உள்ளே போகும். மண் சுத்தமாக இருந்தும் இலை கருகினால் காரணம் இதுதான். காற்றுப் பலமாக அடித்த நாளில் பின்னேரம், நல்ல தண்ணீரால் இலையின் இரு பக்கத்தையும் நனைத்துக் கழுவுங்கள். கடல் பக்கக் கம்பியில் 50 வீத நிழல்வலை கட்டினால் காற்றின் வேகமும் குறையும், பின்னேர வெயிலும் குறையும். வெயிலைச் சொல்லக் காரணம் உண்டு. சூடான கொங்கிறீட் சுவரோரம் செடி வேகமாக நீரை இழக்கும். இழக்கும் நீரின் அளவுக்கு ஏற்பச் சோடியமும் மேலேறும். ஒரே ஈ.சி. உள்ள மண்ணில் நிழலில் பிழைக்கும் கன்று, மேற்கு வெயிலில் கருகிவிடும். சாடிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பதும், மண்ணின் மேல் காய்ந்த இலையோ வைக்கோலோ மூடுவதும் செலவில்லாத பாதுகாப்பு.

எந்தப் பயிர் எவ்வளவு தாங்கும்

1977 இல் மாஸ், ஹொஃப்மன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட அட்டவணை, பிந்திய திருத்தங்களோடு, இன்றைக்கும் உலகெங்கும் பாவனையில் இருக்கிறது. ஒவ்வொரு பயிருக்கும் இரண்டு எண்கள்: எந்த ஈ.சி. வரை விளைச்சல் குறையாது, அதைத் தாண்டிய ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை வீதம் குறையும். போஞ்சி 1.0 இல் தொடங்கி அலகுக்கு 19 வீதம் இழக்கும். வெங்காயம் 1.2 இல் 16 வீதம், மிளகாய் 1.5 இல் 14 வீதம், தக்காளி 2.5 இல் ஏறத்தாழ 10 வீதம். பீற்றூட்டின் எல்லை 4.0, கௌபியின் எல்லை 4.9. மண்ணின் ஈ.சி. 4 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். போஞ்சியில் 57 வீதம் போய்விடும், வெங்காயத்தில் 45, மிளகாயில் 35, தக்காளியில் 15. பீற்றூட்டுக்கும் கௌபிக்கும் ஒன்றுமே ஆகாது. ஒரே மண், ஒரே தண்ணீர். உப்பு மண்ணில் எந்தச் சத்துமருந்தைவிடவும் பயிர்த் தெரிவுக்குப் பலன் அதிகம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒன்றை மறக்க வேண்டாம்: இவை வளர்ந்த பயிருக்கான எண்கள். பீற்றூட் விதை முளைக்கும்போது உப்பை நன்றாகத் தாங்காது. நல்ல மண்ணில் முளைக்கவைத்து, நாலு இலை வந்தபின் மாற்றி நடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. கழுவவேண்டிய பங்கு = நீரின் ஈ.சி. ÷ (5 × பயிரின் எல்லை − நீரின் ஈ.சி.). கிணறு 1.5 காட்டுகிறது என்றால் தக்காளிக்கு 1.5 ÷ 11, அதாவது 14 வீதம் வேருக்குக் கீழே வடியவேண்டும். மிளகாய்க்கு 25 வீதம். போஞ்சிக்கு 43 வீதம், அதாவது பயிர் குடிப்பதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு இறைக்கவேண்டும். அவ்வளவு இறைத்தால் கிணறு இன்னும் உவராகும். அந்தத் தண்ணீரில் போஞ்சி வைக்காமல் விடுவதே புத்தி. உவர்நீரை இலைமேல் தெளிப்பதையும் தவிருங்கள், அடியில் விடுங்கள்.

ஊர்க்காணியைப் பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் ஜிப்சம்தான் (கல்சியம் சல்பேற்று) பேச்சு. ஜிப்சம் எல்லா உப்புக்கும் மருந்தல்ல. வெறும் உவர்மண்ணுக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும், அங்கே ஜிப்சம் போடுவது இன்னொரு உப்பைச் சேர்ப்பதுதான். சோடியம் களியோடு ஒட்டி மண்ணை இறுக்கியிருந்தால் மட்டுமே ஜிப்சம் தேவை. கண்டுபிடிக்க: பட்டாணியளவு காய்ந்த மண்கட்டியை மழைநீரோ ஏ.சி. நீரோ உள்ள கண்ணாடிக் குவளையில் மெதுவாக இறக்கிவிட்டு அசைக்காமல் வையுங்கள். கட்டி உடைந்து சரிவது பரவாயில்லை. சில மணித்தியாலத்தில் அதைச் சுற்றிப் பால்போன்ற கலங்கல் பரவி, அடுத்த நாளும் தெளியாமல் நின்றால் சோடியத்தின் வேலை. கிணற்று நீரில் இதைச் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பே கலங்கலை அடக்கிப் பொய்யான முடிவைக் காட்டும்.

அப்படிக் கலங்கினால் சதுர மீற்றருக்கு 500 கிராம் ஜிப்சத்தை மேல் 10 முதல் 15 சென்ரிமீற்றர் மண்ணில் கலவுங்கள். ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 2.4 கிராம்தான் கரையும். 500 கிராம் கரைய 200 லீற்றர் வேண்டும், அதாவது 200 மில்லிமீற்றர் மழை. மழைக்கு முன் போடவேண்டியது, இரண்டு வாளித் தண்ணீரில் முடியாதது என்று இதிலிருந்து தெரியும். சுண்ணாம்பு இந்த வேலையைச் செய்யாது, காரம் கூடிய மண்ணில் அது கரையவே கரையாது. உடைத்தெடுத்த ஜிப்சம் போர்ட் துண்டுகளையும் போடவேண்டாம். அதில் கடதாசியும் பிற சேர்மானங்களும் உண்டு.

உவர்வயலில் வடிகால்தான் முதல் வேலை. நிலத்தடி நீர் ஒன்றரை மீற்றருக்குள் நின்றால் கோடையில் அது மேலேறி ஆவியாகி உப்பை மேற்பரப்பில் விட்டுப்போகும். அறுவடைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் வயலில் உப்பு மிக வேகமாக ஏறும். வைக்கோலை எரிக்காமல் பரப்பிவிட்டாலே ஏற்றம் குறையும். பெரும்போகத்தின் முதல் மழையைச் சேமிக்க நினைக்காதீர்கள். மேலோட்டமாக உழுது, நீரைக் கட்டி நிறுத்தி, கலக்கி, வடியவிட்டு, மறுபடி நிறுத்துங்கள். 30 சென்ரிமீற்றர் ஆழ மண்ணில் பாதி உப்பைக் கீழே இறக்க 15 சென்ரிமீற்றர் நீர் உள்ளே ஊடுருவவேண்டும். ஐந்தில் நாலு பங்கை இறக்க 30 சென்ரிமீற்றர். மேலால் வழிந்தோடிய நீர் இந்தக் கணக்கில் சேராது.

நெல்லுக்கு ஏ.ரி. 354 நல்ல தெரிவு. அம்பலாந்தோட்டையில் உருவான மூன்றரை மாத இனம், கேரளத்தின் உவர்வயல் நெல்லான பொக்காளியின் வழி வந்தது. பொக்காளியின் முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள சால்ரோல் என்ற பகுதி, சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியத்தைத் தக்கவைக்க நாற்றுக்கு உதவுகிறது. நெல் முளைக்கும்போதும் மட்டம் வெடிக்கும்போதும் (பக்கத் தூர் விடும்போது) உப்பைத் தாங்கும். இளம் நாற்றுப் பருவத்திலும், குடலை (கதிர் தண்டுக்குள் இருக்கும் பருவம்) முதல் பூக்கும் வரையும் தாங்காது. ஆகவே உவர்வயலில் நேரடியாக விதைப்பதைவிட நல்ல நீருள்ள இடத்தில் நாற்றுமேடை போட்டு, 30 நாள் நாற்றைக் குத்துக்கு மூன்று நாலாக நெருக்கமாக நடுவது நல்லது. கையில் நல்ல நீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைப் பூக்கும் காலத்துக்கு ஒதுக்குங்கள். யூரியாவை வழமையைவிட அதிக தடவைகளாகப் பிரித்துப் போடுங்கள், காரமான மண்ணில் அது அமோனியாவாகப் பறந்துவிடும். உமிக்கரியை மண்ணில் கலப்பதும் நெல்லுக்கு நல்லது. அதிலுள்ள சிலிக்கா வேரின் இடைவெளிகளை அடைத்துச் சோடியம் நழுவி உள்ளே போவதைக் குறைக்கிறது.

மேட்டுப் பயிருக்கு வரம்பு கட்டினால் கன்றை உச்சியில் நடாதீர்கள். இரு பக்கச் சாலிலிருந்தும் ஏறும் நீர் உப்பைக் கொண்டுவந்து உச்சியில்தான் கொட்டும். சரிவின் நடுவில் நடுங்கள்.

விதையை ஊறவைத்துக் காயவைப்பது மலிவான, பயனுள்ள வேலை. நெல்லுக்கு லீற்றருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைட்டு, 16 மணித்தியாலம், பிறகு நிழலில் பழைய நிறைக்கு வரும்வரை உலர்த்துங்கள். முளை சீராக எழும்பி, பலவீனமான அந்த முதல் நாட்களைச் சீக்கிரம் கடக்கும். பொட்டாசியம் நைத்திரேற்றை லீற்றருக்கு 5 கிராம் வீதம் பின்னேரத்தில் இலைக்குத் தெளிப்பதும் உதவும், 10 கிராமைத் தாண்டினால் இலை சுடலாம். கடற்பாசிச் சாறு, வேர்ப்பூஞ்சணம், நுண்ணுயிர்ப் பசளை மூன்றும் வெப்பத்தையும் வரட்சியையும் தாங்க ஓரளவு துணைசெய்யும். சில பக்ரீரியாக்கள் நெருக்கடியில் செடி சுரக்கும் எதிலீனைக் குறைத்து வேர் வளரவிடுகின்றன. ஆனால் இவற்றில் எதுவும் ஒரு கிராம் உப்பைக்கூட வெளியே எடுக்காது. எப்சம் உப்பும் உப்புத்தான். மக்னீசியம் குறைவென்று தெரியாமல் போடவேண்டாம்.

தண்ணீரை மாதம் ஒருமுறையாவது அளந்து எழுதிவையுங்கள். கொழும்பின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் நல்லதுதான். வரட்சியில் களனி ஆறு தாழ்ந்து கடல்நீர் ஏறும்போது குழாய் நீர் எடுக்கும் அம்பத்தலையில் மணல்மூட்டைத் தடுப்புக் கட்டிக் குடிநீரைக் காத்த காலங்களும் உண்டு, மாசி, பங்குனியில் குழாய் நீரையும் ஒருதரம் அளந்து பார்ப்பது நல்லது. கடலோரக் குழாய்க் கிணற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். இறைத்து அந்த ஒரு மீற்றரை இழந்தால் கீழிருந்து 40 மீற்றர் உவர் ஏறும். ஒரேயடியாக இறைக்காமல், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சமாக, மேல்மட்டத்திலிருந்து எடுங்கள். பம்பு தொடங்கிய ஐந்தாம் நிமிடத்திலும் நிறுத்துமுன்பும் ஈ.சி. அளந்து, இரண்டாவது எண் கூடிக்கொண்டே போனால் இறைக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.